ஹடப்சர் பால்கனியில் எடுத்த படம்

காலை 11.20. புனே நிலையத்தில் இறங்கினேன். கோவையிலிருந்து ஒரு நாளுக்கும் மேல் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. வந்த காரியம் ஒன்றுதான்: தம்பியும் நானும் சேர்ந்து நிற்கும் ஒரு படம். நான்கு வருடத்துக்கு முன் அவன் ஒரு மராட்டிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. "ரெண்டு பேரும் சிரிச்சுட்டு நிக்கற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு" என்று அம்மா கேட்டுவிட்டார். அதற்காகவே புதுப் போன் வாங்கினேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி வீடு இருக்கும் ஹடப்சர் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர். முதல் முறை வருகிறீர்களா என்று ஆட்டோக்காரர் இந்தியில் கேட்டார். தலையாட்டினேன். தம்பி இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம் என்று சொல்ல என்னிடம் இந்தியும் இல்லை, முகமும் இல்லை. 170 ரூபாய்.

12.15. ஆறாவது மாடி. "வாங்ண்ணா" என்றான் தம்பி. ரயில், மழை, அம்மாவின் முழங்கால் என்று பேசி முடித்தோம். பிறகு இருவரும் போஹா என்று வைத்த அவல் உப்புமாத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் மனைவிதான் தன் அரைகுறைத் தமிழில் காப்பாற்றினாள்.

"போட்டோ வேணும் சொன்னீங்க இல்லே?"

பால்கனியில் ஒரு முழம் தள்ளித் தள்ளி நின்றோம். அவள் என் போனை வாங்கி ஏழெட்டு முறை தட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, வெளிச்சம் பின்னாடி அடிக்குது பாரு. மூஞ்சியத் தொட்டு போகஸ் வை. கைய ஆட்டாத."

2.30. "ஒரு நாள் இருந்துட்டுப் போலாமில்லீங்ண்ணா?" என்றான் தம்பி. டிக்கெட் போட்டாயிற்று என்றேன்.

4.00. நடைமேடையில் படத்தைத் திறந்தேன். இருவரும் கேமராவைப் பார்த்து அழகாகச் சிரிக்கிறோம். அப்படி ஒரு நொடி வந்ததாக எனக்கு நினைவே இல்லை. போனைக் குடைந்தபோது விஷயம் தெரிந்தது. எடுத்த படங்களிலிருந்து நல்ல முகங்களைப் பொறுக்கி அதுவே ஒட்டிவைத்திருக்கிறது. ஒட்டுவதற்கு முந்தைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். நான் சிரிக்கும்போது அவன் தெருவைப் பார்க்கிறான். அவன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும்போது நான் கண்ணை மூடியிருக்கிறேன். ஒன்றில் நான் விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருக்கிறேன், அவன் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறான்.

எது எங்கள் படம்? நடக்காததை அம்மாவுக்கு அனுப்புவதா, நடந்ததை அனுப்பி அவரைக் குழப்புவதா? ஒட்டிய படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். விரல் நீட்டிய படத்தைத் தம்பிக்கு அனுப்பி, "இதுல எதுக்குடா சிரிச்சே?" என்று கேட்டேன்.

வண்டி வரும் அறிவிப்பின் நடுவே பதில் வந்தது.

"அவள நம்ம வீட்டு ஆள் மாதிரி அதட்டுனீங்கல்ல, அதுக்குத்தாங்ண்ணா."