சித்திக்கு இத்தாலிய ஆசிரியர் தேடி: பாறசாலை முதல் கோட்டுகால் வரை ஒரு சனிக்கிழமை

எங்கள் பக்கத்தில் இப்போது தெருவுக்கு ஒருவராவது ஏதோ ஒரு வெளிநாட்டு மொழி படிக்கிறார்கள். பெரும்பாலும் ஜெர்மன். அதற்கு மாடிக்கு மாடி வகுப்பு உண்டு. இத்தாலிய மொழிக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த ஆள்தான். பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதியில் யாராவது இதே தேடலில் இருந்தால் உதவட்டும் என்று, போன இடம், ஆன நேரம், கொடுத்த காசு எல்லாவற்றையும் குறித்து வைத்து எழுதுகிறேன்.

படிப்பவள் நானில்லை. நான் பதினொன்றாம் வகுப்பு. எனக்கு வேதியியலே இன்னொரு மொழிபோல இருக்கிறது. படிப்பவள் லில்லி சித்தி, என் அம்மாவின் தங்கை, வயது நாற்பத்திரண்டு. எங்கள் வீட்டில், என் அறையில்தான் இருக்கிறாள். பதினான்கு ஆண்டுகளாக ஹோம் நர்ஸ் வேலை. படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்க வைக்கிற வேலை. வட இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஏஜென்சி மூலம் தெரிந்து விண்ணப்பித்தாள். வீடியோ நேர்காணலில் இத்தாலிய மொழியில் பேச வேண்டும். அதில் தோற்றுவிட்டாள்.

எப்படித் தோற்றாள் என்பதைச் சொன்னால்தான் இந்தப் பயணம் புரியும். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பைபிள் வசன மனப்பாடப் போட்டி நடக்கும். கை கட்டி, கண்ணை மூடி, வசனத்தை ஒப்பித்துவிட்டு, கடைசியில் அதன் எண்ணையும் சொல்ல வேண்டும். எண் சொல்லாவிட்டால் மதிப்பெண் குறையும். சித்தி ஏழு ஆண்டு தொடர்ந்து முதல் பரிசு வாங்கியவள். வீட்டில் நாங்கள் சோறு சாப்பிடும் எவர்சில்வர் தட்டுகளில் பாதி அவள் ஜெயித்தவை.

இத்தாலிய மொழியையும் அவள் அப்படியேதான் படித்தாள். இணையத்தில் கிடைத்த நாற்பது கேள்வி பதில்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, வரிசையாக மனப்பாடம் செய்தாள். நேர்காணலில் அந்த இத்தாலிய அம்மையார் பெயரைத்தான் கேட்டார். சித்தி கையைக் கட்டினாள், கண்ணை மூடினாள். "மி கியாமோ லில்லி. ஊனோ." அதாவது, என் பெயர் லில்லி, ஒன்று. மூச்சு விடாமல் பதினொன்றாவது பதில் வரை போய்விட்டாள். அவர் இடையில் புகுந்து வேறு ஏதோ கேட்டார். சித்திக்கு வரிசை விட்டுப்போனது. மறுபடியும் "மி கியாமோ லில்லி. ஊனோ."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, அதிலும் தேறாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் கிளம்பிய சனிக்கிழமையன்று அதற்கு இருபத்து நான்கு நாள் மிச்சம்.

எங்கள் வீடு பாறசாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. காலை 7.20க்கு ஆட்டோ (60 ரூபாய்). 7.45க்கு பாறசாலையில் அரசுப் பேருந்து. நெய்யாற்றின்கரைக்கு 10 கிலோமீட்டர், ஆளுக்கு 18 ரூபாய், அரை மணி நேரம். நிற்க இடம் கிடைத்ததே பெரிது.

முதல் இடம் ஒரு பயிற்சி மையம். டைல்ஸ் கடைக்கு மேலே மாடியில். பெயர் வேண்டாம். முப்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து மாஸ்டர் சொல்வதைச் சேர்ந்து சொன்னார்கள். அவர் ஜெர்மன் மாஸ்டர், இத்தாலியனும் எடுக்கிறார். ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் கட்டு, அதில் அறுபது கேள்வி, அறுபது பதில். பார்த்ததும் சித்தியின் முகம் மலர்ந்துவிட்டது.

"அறுவதாக்கும் பிள்ளே! நான் நாப்பதுதானே படிச்சேன். அதாக்கும் தோத்தது" என்று என் காதில் சொன்னாள்.

கடைசி வரிசையில் ஓர் அக்காவிடம், இப்போது சேர்ந்து சொன்ன வரிக்கு என்ன பொருள் என்று கேட்டேன். "எட்டாம் நம்பர்" என்றார். மாஸ்டரிடமே கேட்டுவிடலாம் என்று கை தூக்கினேன்.

"சார், நேர்காணல்ல இந்த அறுபதுல இல்லாத கேள்வி வந்தா?"

"வராது."

"வந்தா?"

"மோளே, நீயா படிக்கான் வந்தது?" என்றார். வகுப்பு சிரித்தது.

சித்தி அன்றே சேர்வதாகப் பையைத் திறந்தாள். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். "சித்தி, இன்னும் ஒரு இடம் பாத்திட்டு வருவோம். திங்கக்கிழமை சேந்தாலும் அறுபதும் இங்கதான் இருக்கும்." அவளுக்குக் கோபம். கீழே வந்து ஆளுக்கு ஒரு சாயாவும் பழம்பொரியும் (மொத்தம் 44 ரூபாய்) சாப்பிடும் வரை அவள் என்னிடம் பேசவில்லை. பழம்பொரி நன்றாக இருந்தது. அதனால் இரண்டாவது இடத்துக்கு வரச் சம்மதித்தாள்.

நெய்யாற்றின்கரையிலிருந்து காட்டாக்கடைக்கு 10.10 பேருந்து. 14 கிலோமீட்டர், 22 ரூபாய், நாற்பது நிமிடம். சனிக்கிழமை சந்தைக் கூட்டத்தில் கடைசி ஒரு கிலோமீட்டர் நடந்தே போயிருக்கலாம். அங்கிருந்து ஆட்டோ 40 ரூபாய். அம்மா கொடுத்த முகவரி அது: தாசையன் மாமா, பன்னிரண்டு ஆண்டு இத்தாலியக் கப்பலில் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்.

மாமா அடுக்களையில் மீனுக்கு அரைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியை எங்களுக்குச் சொல்லிக் காட்டினார். வெங்காயம், உப்பு, தட்டு, சீக்கிரம். அதன் பிறகு குரலை உயர்த்தி வேகமாக ஏதோ பொழிந்தார். அடுக்களை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

"இது என்னவாக்கும் அண்ணா?" என்றாள் சித்தி பயபக்தியோடு.

"பெரிய குக் என்ன ஏசினதாக்கும். பன்னிரண்டு வருசம் நித்தமும் கேட்டேன், மறக்கவா செய்யும்? பிள்ளே, எனக்குத் தெரிஞ்சது அடுப்பாங்கர பாச. இதப் படிச்சிட்டு நீ அங்க போய் வாயத் தெறந்தா, வந்த பிளேன்லயே திருப்பி ஏத்தி விட்டுருவானுவ."

எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் அன்று அவர் ஒருவர்தான். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் போட்டு, சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு பேருக்கு போன் செய்து ஒரு பெயரைப் பிடித்துக் கொடுத்தார். கோட்டுகாலில் ஷைனி. ஆறு ஆண்டு இத்தாலியில் ஒரு வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டவர், பிரசவத்துக்கு ஊருக்கு வந்து இங்கேயே இருந்துவிட்டார். "வகுப்பெல்லாம் எடுக்கது இல்ல. கேட்டா சொல்லிக் குடுப்பாளாம்" என்றார் மாமா.

காட்டாக்கடையிலிருந்து 1.05க்கு பாலராமபுரம் (20 ரூபாய்), அங்கிருந்து விழிஞ்ஞம் பக்கம் போகும் பேருந்தில் கோட்டுகால் (17 ரூபாய்). இறங்கியபோது மணி 2.35. "ஷைனியா, இட்டலிக்காரி ஷைனியா?" என்று நிறுத்தத்திலேயே வழி சொன்னார்கள். இரண்டு வளைவு, ஒரு ரேஷன் கடை, பச்சை கேட்.

ஷைனிக்கு முப்பத்து நான்கு வயது. சித்தியைவிட எட்டு வயது சின்னவர். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அவரது அம்மா மார்த்தாண்டத்துக்காரர் என்பதால் தமிழ் நன்றாக வந்தது.

"சேச்சி என்ன ஜோலி செய்யுது?"

"ஹோம் நர்ஸ். பதினாலு வருசமாச்சு."

ஷைனி குழந்தையை என் மடியில் வைத்தார். முன்னறைக் கட்டிலில் ஏறிப் படுத்தார். போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். அடுத்த நிமிடம் அந்தக் கட்டிலில் ஓர் இத்தாலியக் கிழவி முனகிக்கொண்டிருந்தாள். தலையணையைத் தட்டிவிட்டாள், ஜன்னலைக் காட்டினாள், எதையோ கேட்டாள். சித்திக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது அவள் எப்போதும் செய்வதைச் செய்தாள். கை கட்டினாள். கண் மூடினாள்.

"மி கியாமோ லில்லி. ஊனோ."

"சேச்சி, கண்ணத் தொறங்க! நான் இஞ்ச சாகப் போறேன், நீங்க பேரு சொல்லிட்டு நிக்கேளே!" என்று கத்திவிட்டு, ஷைனி மறுபடியும் கிழவியானார். நான் குழந்தையின் முதுகில் முகத்தை வைத்துச் சிரிப்பை அடக்கினேன். ஆனால் சித்தியின் காது சிவந்திருந்தது. ஜெராக்ஸ் கட்டு இருக்கும் மாடிக்கு அவள் மனசு ஓடுவது எனக்குத் தெரிந்தது. இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அப்போது கிழவி எழ முயன்று, காலைக் கீழே விட்டு, கட்டில் விளிம்பில் சரியத் தொடங்கினாள். நடிப்பா நிஜமா என்று யோசிக்க நேரமில்லை. சித்தி ஒரே எட்டில் போய் முழங்காலால் அணை கொடுத்து, அக்குளுக்கடியில் கை கொடுத்துத் தாங்கிவிட்டாள். "எங்க போறீங்க அம்மச்சி? கையத் தாங்க, இஞ்ச பிடிங்க."

"இத இத்தாலியன்ல சொல்லுங்க" என்றார் ஷைனி, கிழவிக் குரலை விடாமலேயே.

சித்தி ஷைனியைத் தாங்கிக்கொண்டே நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. நாற்பது பதில்களையும் அவள் உள்ளே புரட்டுவது எனக்கே தெரிந்தது. பத்தொன்பதாம் பதிலில் கை கழுவுவது பற்றி ஒரு வரி உண்டு. முப்பத்து மூன்றில், 'நான் இங்கே வசிக்கிறேன்' என்று வரும்.

"மானோ..." என்றாள். கை. "மானோ... குவி." கை, இங்கே.

அது முழுமையான வாக்கியம் இல்லை. ஆனால் கட்டிலில் இருந்தவர் கையை நீட்டினார். சித்தி பிடித்தாள். எண் எதுவும் சொல்லவில்லை. கண் திறந்திருந்தது.

"இத்ரயே உள்ளூ, இம்புட்டுத்தான்" என்று எழுந்து தலைமுடியை முடிந்தார் ஷைனி. "அந்த நாப்பதும் அரிசிச் சாக்கு மாதிரி கெட்டி வச்சிருக்கேள். அவுத்து விடணும், அவ்வளவுதான்." ஒரு மணி நேரத்துக்கு 250 ரூபாய், தினமும் இரண்டு மணி நேரம், கையில் எழுதிய தாள் எதுவும் இருக்கக் கூடாது. தினம் ஒரு நோயாளி: காது கேட்காதவர், சாப்பிட மறுப்பவர், சண்டைக்காரர்.

கோட்டுகாலிலிருந்து 4.50க்கு நெய்யாற்றின்கரை பேருந்து (21 ரூபாய்). சித்தி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். நான் அன்று முதல் முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். பயிற்சி மையம் வீட்டுக்குப் பக்கம், கட்டணமும் குறைவு. கோட்டுகால் தினமும் இரண்டு பேருந்து, போகவே ஒன்றரை மணி நேரம். கணக்கெல்லாம் மாஸ்டர் பக்கம்தான். காஞ்சிரங்குளம் தாண்டியதும் அவளே பேசினாள்.

"அவளுக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டாக்கும். புள்ளையத் தூக்கி உன் மடில போட்டிட்டு என்னமா நடிக்கா!"

"அப்ப மாஸ்டர்கிட்டயா சித்தி?"

"மாஸ்டர்கிட்ட இருந்தப்போ எனக்கு சுகமா இருந்திச்சு, மக்கா. இவகிட்ட அந்தக் கட்டில்ல கெடந்தவளுக்கு சுகமா இருந்திச்சு. நான் எதுக்காக்கும் இத்தாலிக்குப் போறேன்?"

வீடு சேர்ந்தபோது மணி 6.45. நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்கு மறுபடி 18 ரூபாய், ஆட்டோ 60. இரண்டு பேருக்கும் சேர்த்து அன்றைய செலவு 436 ரூபாய், தாசையன் மாமா வீட்டுச் சாப்பாடு நீங்கலாக.

ஞாயிறுகள் தவிர ஒரு நாள்கூட விடாமல் சித்தி கோட்டுகால் போனாள். இரண்டாவது நேர்காணலில் அந்த அம்மையார் பெயரைக் கேட்கவே இல்லை. ஒரு முதியவர் மூன்று நாளாகச் சாப்பிட மாட்டேன் என்கிறார், என்ன செய்வாய் என்று கேட்டார். சித்தி பதினோரு நிமிடம் பேசினாள். வேகமாக இல்லை, பிழையில்லாமலும் இல்லை. நடுவில் கை ஸ்பூன் பிடிப்பதுபோல் போனது, அவளே கிழவியாகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த அம்மையார் சிரித்தது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. நான்காம் நாள் ஏஜென்சியிலிருந்து தகவல் வந்தது: தேர்வாகிவிட்டாள்.

தேடப் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள். சனிக்கிழமை போங்கள், வகுப்பு நடப்பதைப் பார்க்கலாம். ஆனால் காட்டாக்கடைக்குச் சந்தைக் கூட்டத்துக்கு முன்பே போய்விடுங்கள். சேர்வதற்கு முன் ஒரு மணி நேரமாவது வகுப்பில் உட்காருங்கள். ஆசிரியர் அதிகம் பேசுகிறாரா, படிப்பவர் பேசுகிறாரா என்று பாருங்கள். 'எனக்கு இது தெரியாது' என்று சொல்பவரிடம் இன்னொரு முகவரி கேளுங்கள். நிச்சயம் நல்ல முகவரியாக இருக்கும். பாலராமபுரத்தில் கோட்டுகால் வழியாகப் போகுமா என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள், எல்லா விழிஞ்ஞம் பேருந்தும் போகாது. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்காமல் கிளம்பிவிட்டேன். நல்ல ஆசிரியர் கிடைத்தால் சித்தி போய்விடுவாள். பிறந்ததிலிருந்து நான் தனி அறையில் தூங்கியதில்லை. விசா வந்த அன்று அவள் பெட்டிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அவளிடமே கேட்டேன்: இது முன்னாலேயே தோன்றியிருந்தால், அன்றைக்கு நெய்யாற்றின்கரையிலேயே அந்த மாஸ்டர் போதும் என்று உன்னைச் சேர விட்டிருப்பேனா?

சித்தி டேப்பைக் கீழே வைத்தாள்.

"விட்டிருப்ப," என்றாள். "வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க அழுதிட்டு, திங்கக்கிழமை காலம்பற என்ன எழுப்பி, வேற எடம் பாப்போம் சித்தின்னு சொல்லியிருப்ப. இப்போ அந்தச் செருப்ப எடு, பெட்டியில கொள்ளுமான்னு பாப்போம்."