பலாப்பழத்துக்கு என்ன முறிவு

செவந்தியிடம் வயிற்றுவலி என்று போகிறவர்கள் முதலில் ஒரு விசாரணையைத் தாண்ட வேண்டும். நேற்று விடிந்ததிலிருந்து இன்று அவள் வாசலை மிதிக்கிற வரைக்கும் வாய்க்குள் போனது என்னென்ன, எவ்வளவு, யார் வீட்டில்? ஒன்றையும் விடக் கூடாது. நேற்றுக் காலை தின்ற கருவாட்டை மறந்துவிட்டுப் பாதியில் ஞாபகம் வந்து சொன்னால், "மொதல்ல இருந்து ஆரம்பிங்க" என்பாள். வந்தவன் சுருண்டு கிடந்தபடியே முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

அவளுடையது முறிவு வைத்தியம். வயிற்றைக் கெடுத்த பண்டம் எதுவோ, அதை அடக்குகிற இன்னொரு பண்டம் உண்டு, அதுதான் முறிவு. தேங்காயை அளவில்லாமல் தின்றவனுக்கு ஒரு பிடி பச்சரிசி. கடலைக்கு வெல்லம். உளுந்துக்குப் பெருங்காயம் கரைத்த மோர். பலாப்பழத்துக்குப் பலாக்கொட்டையைச் சுட்டு உப்பில்லாமல் மெல்லச் சொல்வாள். தின்றது எதுவென்று தெரியாமல் முறிவு கொடுப்பது எப்படி? அதனால்தான் இந்த விசாரணை. கறம்பக்குடிக்குத் தெற்கே ஊமத்தங்காட்டில் வேறு வைத்தியமும் கிடையாது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிப் போய்ச் சேர்வதற்குள் வலி நின்றிருக்கும், இல்லாவிட்டால் மூச்சு நின்றிருக்கும்.

இப்படிக் கேட்டுக் கேட்டு ஊரின் பாதி ரகசியம் செவந்தியிடம் வந்து சேர்ந்திருந்தது. ஊர் நியாயம் தீர்க்கிற அம்பலகாரர் ரெங்கசாமி வீட்டுச் சொர்ணவல்லி வெள்ளிக்கிழமை தோறும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத விரதம் என்று ஊருக்கே தெரியும். அந்த அம்மாள் ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு அதிரசம் தின்றது செவந்திக்கு மட்டும் தெரியும். சுக்கைத் தட்டி வெந்நீரில் போட்டுக் கொடுத்தாள், அவ்வளவுதான். மறுநாள் குளத்தங்கரையில் சொர்ணவல்லி விரத மகிமையைப் பற்றிப் பேசியபோது செவந்தியும் நின்று கேட்டுத் தலையாட்டினாள். இங்கே சொன்னது இங்கேயே கிடக்கும் என்பது அவள் வைத்த சட்டம். அது வெளியே போனால் அடுத்தவன் உண்மை சொல்ல மாட்டான், உண்மை சொல்லாதவன் செத்துப்போவான். இது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அவள் புருஷன் பழனிச்சாமி மீமிசலிலிருந்து கருவாடு ஏற்றி வருகிற வண்டிக்காரன். ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்தான். என்ன தின்றாய் என்று கேட்டாள். "நீ கட்டிக் குடுத்த சோறுதான்" என்றான். நாலு தரம் கேட்டாள், நாலு தரமும் அதையே சொன்னான். தன் சோறுதானே என்று ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். இரண்டாம் நாள் போய்விட்டான். காரியம் முடிந்த பிறகு கூட்டு வண்டிக்காரன் வந்து, மீமிசலில் ஒருத்தி வீட்டில் பழனிச்சாமி மூன்று நாள் பழைய திருக்கைமீன் குழம்பு தின்றதைச் சொன்னான். அந்த ஒருத்தி மேல் செவந்திக்குக் கோபம் இருந்தது. ஆனால் அது இரண்டாவது கோபம். சொல்லித் தொலைத்திருந்தால் உப்புத் தண்ணீரைக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருப்பேனே பாவி என்று எட்டு வருஷமாக அடிவயிறு எரிந்துகொண்டிருந்தாள்.

யுத்தத்தின் நாலாவது வருஷம் அது. ரங்கூன் அரிசி நின்றுபோனது. மழை அதற்கு முன்பே நின்றிருந்தது. ஊரில் செவந்தியின் விசாரணை சீக்கிரமாக முடிய ஆரம்பித்தது. சொல்வதற்கு ஆட்களிடம் அதிகம் இல்லை.

வைகாசியில் ஒரு நாள் தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன் அய்யனார் கோயில் பூசாரி திருப்பதி வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தார். கோயில் மரத்தின் முதல் பலாப்பழம் அய்யனாருக்கு. அதை அறுத்து வைக்கோலில் பொதித்துப் பழுக்க வைத்து, சாமிக்குப் படைத்த பிறகுதான் ஊரில் யாரும் பலாச்சுளையை வாயில் வைக்கலாம். வைக்கோல் பூசாரியின் காவலில் இருந்தது.

"என்ன தின்னீங்க?"

பூசாரி கூரையைப் பார்த்தார். "பழம் வெடிச்சுப்போச்சு தாயி. வாசம் ஆளத் தூக்குது. சாமி கம்முன்னு இருந்துச்சு. என்னால இருக்க முடியல."

"எத்தன சொளை?"

"பூராவும்."

செவந்தி போன வருஷத்துப் பலாக்கொட்டை நாலைச் சுட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

உச்சிவெயிலில் குழந்தைசாமி வந்தார். நாலு ஏக்கர் புஞ்சைக்காரர், மகா ரோஷக்காரர். மத்தியானமானால் வாசலில் நின்று கையைக் கழுவி உதறி, தெருக்கோடிவரை கேட்கும்படி ஒரு ஏப்பம் விடுவார். அன்றைக்கு ஏப்பம் இல்லை. இரண்டாக மடிந்து, வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு தெருவின் நடுவே நடந்து வந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

"என்னண்ணே தின்னீங்க?"

"நெல்லுச்சோறு. கத்திரிக்காக் கொழம்பு. மோரு."

"எந்திரிச்சுப் போங்க" என்றாள் செவந்தி. "பொய் சொல்றவுகளுக்கு நான் பாக்குறதில்ல. ஒருத்தரப் பறிகுடுத்தது போதும்."

அவர் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார். இருபது நாளாகப் புளியங்கொட்டை. வறுத்து, தோலை உரித்து, ஊறவைத்து அவித்தது. அவரும், பெண்டாட்டி அழகியும், மகள் பிரகதாம்பாளும் அதைத்தான் தின்கிறார்கள். நேற்று அதுவும் சரியாக வேகவில்லை.

"வெளிய தெரிஞ்சா நான் உசுரோட இருக்க மாட்டேன் தங்கச்சி. வர்ற வியாழக்கெழம ஆலங்குடியில இருந்து புள்ளைக்குப் பூ வைக்க வாராக. சோத்துக்கு இல்லாத வீடுன்னு தெரிஞ்சா அப்பிடியே திரும்பிப் போயிருவாக."

புளியங்கொட்டைக்கு அவளிடம் முறிவு இருக்கவில்லை. நொய்க்கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சி, சீரகம் போட்டு, ஒரு மடக்கு ஒரு மடக்காகக் குடிக்கச் சொன்னாள். அவர் குடித்துக்கொண்டிருந்தபோது செவந்தி அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அழுகிறவளை யாரும் பார்க்கக் கூடாது என்பதில் அவளும் ரோஷக்காரிதான்.

அன்று சாயங்காலம் பூசாரியே ஓடிப்போய், சாமி பழத்தைக் காணோம் என்று அம்பலகாரரிடம் முறையிட்டார். மறுநாள் காலை கோயில் மரத்தடியில் ஊர் கூடியது. சாட்சியம் பலமாக இருந்தது. பழம் போன அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் போனவர் ஒரே ஒருவர். அவர் வீட்டிலிருந்து கொட்டை வறுக்கிற வாசம் வந்ததை அக்கம்பக்கத்து வீடுகள் நாலும் சொல்லின. பலாக்கொட்டை இல்லாமல் வேறு எந்தக் கொட்டையை ஒருவர் வறுக்கப் போகிறார்? சாமி சொத்தைத் தின்றவனைச் சும்மா விடக் கூடாது என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் பூசாரி.

"சொல்லுங்க குழந்தைசாமி" என்றார் அம்பலகாரர். "அது என்ன கொட்டை?"

குழந்தைசாமி கூட்டத்தைப் பார்த்தார். செவந்தி பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். அவர் கண் அவளிடம் வந்து, சொல்லிவிடாதே என்று கெஞ்சிவிட்டுப் போனது. பசியில் புளியங்கொட்டை தின்றவன் என்றால் கேவலம். ருசிக்குப் பலாப்பழம் தின்றவன் என்றால் திமிர். திமிர் பிடித்தவன் வீட்டில் பெண் எடுப்பார்கள்.

"பலாக்கொட்டைதான்" என்றார். "ஆசையா இருந்துச்சு. தின்னேன்."

கூட்டம் ஓவென்றது. அம்பலகாரர் அதிகம் யோசிக்கவில்லை. இரண்டு மரக்கால் பச்சரிசி, நாளைக் காலையில் சாமிக்குப் பொங்கல் வைத்து ஊருக்கு இலை போட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். நாலு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டா என்ன? குழந்தைசாமி தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அரிசிக்கு எங்கே போவார்? நாளைக் காலை அரிசி வராது. ஊர் அவர் வீட்டுக்குள் நுழைந்து பானையைத் தூக்கிப் பார்க்கும்.

பூசாரி பெயரைச் சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் நாளையிலிருந்து ஒருவரும் அவளிடம் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். பழனிச்சாமி மாதிரி இன்னும் எத்தனை பேர் கட்டுச்சோறு என்று சொல்லிவிட்டுச் சாக வேண்டும்? செவந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள்.

"பழத்தத் தின்னது நான்."

பூசாரி வானத்தைப் பார்த்தார்.

"நீயா? ஏத்தா?" என்றார் அம்பலகாரர்.

"ஆசதான்."

"பூராப் பழத்தையுமா?"

"நல்ல பழம்."

"அப்ப குழந்தைசாமி ஏன் ஒத்துக்கிட்டாரு?"

"நான் மருந்து குடுக்குற விசுவாசம். கொட்டையும் நான் குடுத்ததுதான். இந்த வம்புல அண்ணன ஏன் இழுக்குறீங்க?"

இல்லை என்று சொல்லக் கூடியவர்கள் அந்தக் கூட்டத்தில் இரண்டே பேர். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எல்லாரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவளல்லவா? "எத்தன சொளைன்னு மொதல்ல இருந்து ஆரம்பிங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சொர்ணவல்லி, "பொம்பளைக்கு வாய் இப்பிடியா அலையும்?" என்று கன்னத்தில் கை வைத்தாள். செவந்திக்குக் காது இரண்டும் சுட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, நாண்டுகொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் தண்டத்துக்குத் தலையாட்டிவிட்டு நேராக வீட்டுக்குப் போனாள்.

அறுப்பின்போது வீட்டுக்கு ஒரு படி என்று ஊர் அவளுக்கு அளக்கிற நெல்லில், குத்திப் பானையில் போட்டு வைத்திருந்தது இரண்டு மரக்காலுக்குச் சற்று மேலே. அடுத்த அறுப்புவரைக்கும் அதுதான் அவள் சாப்பாடு. மறுநாள் காலையில் பானையோடு தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பூசாரி வெல்லம் போட்டுச் சர்க்கரைப் பொங்கல் வைக்கலாம் என்றார். செவந்தி முடியாது என்றாள். சோறு குழைந்து கூழாகிற வரைக்கும் வேகவிட்டு, சீரகத்தையும் சுக்கையும் தட்டிப் போட்டாள்.

"சாமிக்குச் சுக்குப் பொங்கலா?"

"சாமிக்கும் வயசாச்சுல்ல. செரிக்க வேணாமா?"

பூசாரி குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினார்.

வேப்பமரத்து நிழலில் பந்தி உட்கார்ந்தது. கடைசி வரிசையில் குழந்தைசாமியும் அழகியும் பிரகதாம்பாளும் இருந்தார்கள். பழந்திருடி என்று யாரோ ஒரு பக்கம் சிரித்துக்கொண்டிருக்க, தண்டம் கொடுத்தவளே பரிமாற வேண்டும் என்ற முறைப்படி செவந்தி ஒவ்வோர் இலைக்கும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டே வந்தாள். பிரகதாம்பாளுக்கு வைத்தது இலையில் நிற்கவே இல்லை, உடனே வாய்க்குப் போனது. "மெள்ளச் சாப்புடு, மென்னு சாப்புடு" என்று அவள் காதில் மட்டும் விழும்படி சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி வைத்தாள்.

குழந்தைசாமி முறை வந்ததும் அவர் இரண்டு கையையும் இலைக்கு மேலே குறுக்கே விரித்தார். "போதும் போதும்! இப்பத்தான வீட்டுல ஒரு கட்டு கட்டிட்டு வந்தேன்" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கைக்குக் கீழே இலையில் ஒரு பருக்கைகூட விழுந்திருக்கவில்லை.

செவந்தி கரண்டியோடு குனிந்தாள்.

"கைய எடுங்கண்ணே" என்றாள்.

அவர் எடுத்தார்.