பாதி வால்ட்

எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் நடந்த அந்த பிளே ஆஃப் ஆட்டத்தைக் கடைசி நிமிடம் வரை ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்றுதான் சொல்வான். பல் டாக்டர் சொல்வார், பாதிரியார் சொல்வார், அப்போது பிறந்தே இருக்காத பயல்கூட அம்மா வயிற்றில் இருந்தபடி பார்த்ததாகச் சொல்வான். ஸ்டேடியத்தில் எழுபதாயிரம் பேர் உட்காரலாம். இவர்கள் எல்லாரும் சொல்வதை நம்பினால் பக்கத்து ஏரிக்குள்ளேயும் நாற்காலி போட வேண்டியிருக்கும். பாதியிலேயே எழுந்து போய்விட்டேன் என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் என் அக்காவின் புருஷன் வால்ட் ட்ரோப்னி. அந்த உண்மைக்கு இந்த ஊர் அவரைப் படுத்திய பாடு இருக்கிறதே, நாய்கூடப் படாது. ஊர் என்கிறேன், அந்த ஊரில் முதல் ஆள் நான்தான். என் பெயர் நார்ப்.

வால்ட் பனி தள்ளும் லாரி ஓட்டினார். குளிர்காலத்தில் நாங்கள் போர்வைக்குள் புரண்டுகொண்டிருக்கும்போது ஸ்டேடியத்துக்குப் போகிற சாலையை அவர் திறந்து வைத்திருப்பார். பிறகு வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, அதே சாலையில் ஆட்டம் பார்க்கக் கிளம்புவார். அவருடைய அப்பா விட்டுப்போன சொத்தே இரண்டு சீசன் டிக்கெட்டுகள்தான். என் அக்கா ஜென்னைக் கட்டிய நாளிலிருந்து இரண்டாவது இருக்கையை எனக்குக் கொடுத்தார். எங்களுக்கு நேர் பின் வரிசையில் ஹூபி மஸூர். எங்கள் தெருமுனை பாரின் முதலாளி, வாய்க்கு வரி கட்டாதவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பாதி ஆட்டம் முடிந்தபோது மூன்றுக்கு முப்பத்தொன்று. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் இருபத்தெட்டுப் புள்ளி பின்தங்கினால் அது இழவு வீடுதான். பிளே ஆஃபில் ஒரு தடவை தோற்றாலே அந்த வருடம் முடிந்துவிடும். எனக்குக் குளிரும் கோபமும் உச்சந்தலைக்கு ஏறியிருந்தன.

"மச்சான், கிளம்பலாம்," என்றேன்.

"இன்னும் பாதி ஆட்டம் இருக்குடா மாப்ளே."

"என்னத்த இருக்கு? பொணத்துக்கு வைத்தியம் பாக்கச் சொல்றியா? கார் சாவி என்கிட்ட இருக்கு. வர்றதுன்னா வா. இல்லன்னா எட்டு மைல் நடந்து வா."

வீட்டில் அக்கா நிறைமாதம். எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வால்ட் களத்தை ஒரு தடவை பார்த்தார், சாவியை ஒரு தடவை பார்த்தார், எழுந்துவிட்டார். நாங்கள் எழுந்தபோது வரிசையில் பாதிப்பேர் இல்லை. ஹூபியின் இருக்கை பத்து நிமிடத்துக்கு முன்பே காலி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலை ஏறுவதற்குள் ரேடியோவில் எங்கள் அணிக்கு ஒரு டச்டவுன், சுளையாக ஆறு புள்ளி. நான் அதை அணைக்கப் போனேன். வால்ட் என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு டச்டவுன். மூன்றாவதுக்கு நான் வண்டியைத் திருப்பிவிட்டேன். வாசலில் காவலாளி உள்ளே விட மாட்டேன் என்றான். வெளியே போனவர்களுக்கு மறுபடி அனுமதி கிடையாது, அதுதான் விதி. நான் அவனுடைய பரம்பரையையே திட்டிப் பார்த்தேன். அவன் அசையவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே எழுந்த கூச்சலை வைத்துப் புள்ளிகளைக் கணக்குப் போட்டோம். கூடுதல் நேரத்தில் எங்கள் அணி ஜெயித்தது. அப்படி ஒரு சத்தத்தை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. வால்ட் அழுதார். நானும்தான்.

மறுநாள் வேலை முடிந்து ஹூபியின் பாருக்குப் போனேன். நிற்க இடமில்லை. எவனோ ஒருவன், "நார்ப், நீ உள்ளதானே இருந்த?" என்று கேட்டான்.

"இல்லாம?" என்றேன். வாய்தானே, வந்துவிட்டது. வந்ததோடு நின்றதா? தொப்பியைத் தூக்கி எறிந்தேன், அது திரும்பி வரவே இல்லை, பின்னால் திரும்பி ஹூபியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று அளந்தேன். கல்லாவுக்குப் பின்னால் நின்ற ஹூபி கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "ஆமா, என் சட்டையெல்லாம் ஈரம் பண்ணிட்டான் பாவி," என்றான். இரண்டு முழுப் பூசணிக்காய், ஒரே தட்டுச் சோறு.

அப்போதுதான் வால்ட் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அவரிடமும் கேட்டார்கள்.

"நான் பாதில போயிட்டேன்," என்றார் அவர். சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

சிரிப்பு கூரையைத் தூக்கியது. ஹூபி என்னைக் காட்டி, "அப்ப இவன்? உங்கூடத்தானே வந்தான்?" என்றான். வால்ட் என்னைப் பார்த்தார். நான் பீரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

"அவன் இருந்தான். நான்தான் பஸ் புடிச்சுப் போனேன்," என்றார்.

எனக்குத் தெரிந்து அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அது. திரும்பி வரும்போது, ஏன் மச்சான் அப்படிச் சொன்னே என்று கேட்டேன்.

"நீ தொப்பிய வேற தூக்கிப் போட்டுட்டியேடா. அத எப்படி எறக்குறது? விடு, நாலு நாள்ல மறந்துடுவாங்க."

மறப்பார்களா? அன்று முதல் அவர் பாதி வால்ட். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்ன? ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதி முடிந்ததும் எங்கள் பகுதி முழுக்க எழுந்து நின்று அவருக்குக் கையசைக்கும். "போய்ட்டு வா பாதி, பஸ் வந்துருச்சு" என்று ஹூபி கத்துவான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் பாதி கேக் வெட்டி வைத்திருந்தார்கள். மகள் கிரிஸ்டாவின் கல்யாணத்தில் சம்பந்தி எழுந்து, பெண்ணின் அப்பா விருந்து முடியும்வரை இருப்பாரா என்று பந்தயம் கட்டினார். வால்ட் எல்லாவற்றுக்கும் சிரித்தார். அன்றிலிருந்து எந்த ஆட்டத்திலும் அவர் முன்னதாக எழுந்ததில்லை. நாற்பது புள்ளியில் தோற்கும்போதும், மழை கொட்டும்போதும், துடைப்பக்காரர்கள் வந்து காலைத் தூக்கச் சொல்கிறவரை உட்கார்ந்திருப்பார்.

ஒரே ஒரு தடவை, கல்யாணத்திலிருந்து திரும்பும்போது, காரில் சொன்னார்: "நானும் பாதில போனேன்னு ஒருத்தனாவது சொல்லுவான்னு பாத்தேன் மாப்ளே. ஒருத்தன் போதும்."

நான் கண்ணாடித் துடைப்பானைப் போட்டேன். மழையே இல்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன ஜனவரியில் மறுபடி எங்கள் ஊரில் ஒரு பிளே ஆஃப். வால்டுக்கு எழுபத்துமூன்று. அக்கா போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சர்க்கரை வியாதி முற்றி, அவருடைய பாதங்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது. காலையில் கிரிஸ்டா எனக்கு போன் செய்தாள்.

"மாமா, அப்பா கேக்க மாட்டேங்கறார். பூஜ்யத்துக்குக் கீழ போகுமாம். குளிருல கால் மரத்தாலும் அவருக்குத் தெரியாது. டாக்டர் அவ்வளவு சொல்லியிருக்கார். நீங்களாவது பாதில கூட்டிட்டு வந்துடுங்க. நீங்க சொன்னாக் கேப்பார்."

"நான் பாத்துக்கறேம்மா," என்றேன்.

கார் நிறுத்துமிடத்தில் வழக்கம்போல ஹூபி அடுப்பு மூட்டிக் கோழி இறக்கை வாட்டிக்கொண்டிருந்தான். வால்ட் தீயோரமாகக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, இந்த வருடம் நம் பையன்கள் விடமாட்டார்கள் என்றார். அதைத்தான் எல்லா வருடமும் சொல்வார். உள்ளே போனதும் ஏரிக் காற்று பிடித்துக்கொண்டது. ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதியில் பக்கத்து ஆள் சிந்திய பீர் வால்டின் இடது பூட்ஸுக்குள் போனது. அவருக்கு அது தெரியவே இல்லை. நான் பார்த்தேன்.

பாதி ஆட்டம். மூன்றுக்கு இருபத்தேழு. வரிசை எழுந்தது, கைகள் அசைந்தன. "பாதி, உன் பஸ்ஸுடா!" என்று ஹூபி ஆரம்பித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் வால்டின் காதருகில் குனிந்தேன். "மச்சான், போதும், எழுந்திரு. பூட்ஸெல்லாம் ஈரம். கால் என்னத்துக்கு ஆகும்?"

"இப்ப எழுந்தா என்ன சொல்லுவாங்கன்னு தெரியும்ல?"

"சொன்னாச் சொல்லிட்டுப் போறாங்க."

"உனக்கென்னடா," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். "நீ கடைசி வரைக்கும் இருந்தவன்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். காத்திருந்தார் என்று இப்போது தெரிகிறது. அப்போதும் தெரிந்தது. நான் பின்னால் திரும்பி, அன்றைக்கு இவரை இழுத்துக்கொண்டு போனவன் நான்தான் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். திரும்பினேன். ஹூபி தன் குப்பியை நீட்டினான். வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டேன்.

வால்ட் கடைசிவரை இருந்தார். பத்துக்கு நாற்பத்தொன்று. பாதி முடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஹூபியும் மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். கடைசி விசில் அடித்தபோது எங்கள் பகுதியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். காரில் அந்த பூட்ஸைக் கழற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரியில்தான் அதை வெட்டி எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் போராடிப் பார்த்துவிட்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பாரில் மீன் வறுவல் நாள், நல்ல கூட்டம். ஹூபி என் முன்னால் தட்டை வைத்துவிட்டு, "பாவம்யா வால்ட். ஆனா ஒண்ணு, இப்பத்தான் பேரு பொருத்தமாச்சு," என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"அன்னிக்கு அவரா போகல. நான்தான் இழுத்துட்டுப் போனேன். சாவி என்கிட்ட இருந்துச்சு. நான் தொப்பியும் எறியல, ஒரு மண்ணும் எறியல."

ஹூபி என் தோளில் கை வைத்தான். "நல்ல மனசுடா நார்ப் உனக்கு. மச்சானுக்காகப் பழிய எடுத்து உன் தலைல போட்டுக்கற. எனக்குத் தெரியாதா? என் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதியே."

"உன் கழுத்து அங்க எங்கடா இருந்துச்சு? எனக்கு முன்னாடியே உன் சீட்டு காலி."

ஹூபி கையை எடுத்தான். துணியை எடுத்து, சுத்தமாக இருந்த பலகையைத் துடைக்க ஆரம்பித்தான். நான் சுற்றிப் பார்த்தேன். ஒருவனும் என் கண்ணைப் பார்க்கவில்லை. ஒருவன் மீனில் முள் தேடினான். ஒருவன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

"முப்பத்தோரு வருஷமாச்சு," என்றான் ஹூபி. "யாருக்கு ஞாபகம் இருக்கு, யார் எப்பப் போனான்னு."

வால்ட் போனது மட்டும் எல்லாருக்கும் நினைவிருந்தது. மீனுக்குக் காசு வேண்டாம் என்றான் ஹூபி. நான் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வால்டைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கீழே சாலையில் பனி தள்ளும் லாரி போய்க்கொண்டிருந்தது. "தகட்ட முழுசா எறக்காம ஓட்டுறான் பாரு, சோம்பேறி," என்றார். நான் கட்டிலில் உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். தொப்பியை இறக்கிவிட்டேன் மச்சான் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். எனக்கு எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

"எங்க சொன்ன?" என்று கேட்டார்.

"ஹூபி பாருல. எல்லாரும் இருந்தாங்க."

"நம்புனாங்களா?"

"இல்ல."

அவர் போர்வையை இழுத்து, கால் இல்லாத பக்கத்தை மூடினார். கீழே லாரி திரும்பி வந்தது.

"வரிசைல சொல்லியிருக்கணும்டா மாப்ளே," என்றார். "அங்க சொல்லியிருந்தா எழுந்து வந்திருப்பேன்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.