முப்பத்தொன்றாம் புள்ளி

ஆற்றடியில் என்ன முளைக்கிறது என்று கணக்கெடுப்பவளுக்குப் படகுத்துறைக்காரர்கள் வைத்த பெயர் ‘புல்லக்கா’. கோபம் வராதா என்றால், வரும். ஆனால் கூப்பிட ஆள் இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்துவிடுவாள்.

ஆற்றில் மொத்தம் நாற்பது புள்ளிகள். ஒவ்வொன்றிலும் படகை நிறுத்தி, கயிறு கட்டிய இரும்பு வாரியை வீசி, அடியோடு இழுத்து, அதன் பற்களில் சிக்கிய புல்லுக்குப் பூஜ்யம் முதல் ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். துணைக்கு வந்த படகோட்டி ஓய்வு பெற்று நாலு வருடம். அதன்பின் படகில் அவளும் வாரியும்தான். வாரி தேவலை, எதிர்த்துப் பேசாது.

கீழ்ப்பகுதியின் கடைசிப் பத்துப் புள்ளிகளில் இரண்டு வருடமாகப் புல்லே இல்லை. இந்த முறையும் இல்லையென்றால் ஆற்றங்கரை ஆய்வு நிலையத்தை மூடிவிட்டு, தலைமை அலுவலகத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போடுவார்களாம். நாற்காலிக்கு யார் அழுதார்கள்? கணவர் போனபின் வீடு என்று அவளுக்கு இருந்தது நிலையத்தின் இரண்டு அறைகள்தான்.

அன்று முப்பத்தொன்றாம் புள்ளியில் ஓர் இலை வந்தது. படகிலிருந்தே தங்கைக்குப் போன் போட்டாள்.

"கெடைச்சிருச்சுடீ!"

"என்னக்கா, புதையலா?"

"புல்லு!"

"உனக்கு முத்திப் போச்சு" என்று தங்கை சிரித்தாள். இவளும் சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

மற்ற ஒன்பதிலும் ஒன்றுமில்லை. மதியம் மேசையில் இலையை விரித்துப் பார்த்தாள். மேல்பகுதியில் மட்டுமே பார்த்த இனம். மழை வருகிறதே என்ற அவசரத்தில், மேல்பகுதியின் கடைசியான முப்பதாம் புள்ளியை முடித்ததும் வாரியைக் கழுவாமல் வந்திருந்தாள். இலை அங்கிருந்தே பல்லில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். இருபத்திரண்டு வருடத்தில் செய்யாத தப்பு.

மறுநாள் வாரியைத் தேய்த்துக் கழுவி, அதே இடத்தில் வீசினாள். இரண்டு முறை வீசினால் போதும், எட்டு முறை வீசினாள். சேறுதான் வந்தது.

தலைமை அலுவலக அதிகாரிக்குப் போனில் நடந்ததைச் சொன்னாள்.

"ஒரு எலைதானேம்மா? இருந்துட்டுப் போகட்டும். யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"யாரும் வரமாட்டாங்க சார். நாலு வருஷமா ஒருத்தரும் வரல. நான் ஒருத்திதான் பாக்குறேன். நானும் பொய் எழுதிட்டா அப்புறம் பாக்குறதுக்கு யாருமே இல்ல. சைபர்னே போட்டுக்குங்க."

போனை வைத்தபிறகுதான் அழுதாள்.