சொல்லியாச்சு சிஸ்டர்

வார்டில் அவளுக்குச் 'சொல்லியாச்சு சிஸ்டர்' என்று பெயர். காய்ச்சல் ஏறினாலும் சரி, ரத்த அழுத்தம் இறங்கினாலும் சரி, என்ன ஆச்சு என்று யார் கேட்டாலும் அவளிடமிருந்து வருகிற பதில் ஒன்றுதான்: "டாக்டருக்குச் சொல்லியாச்சு." அதில் தப்பும் இல்லை. நர்ஸ் வேலையே அப்படிப் பழக்கிவிடுகிற வேலை. கண்ணில் பட்டதை மேலே சொல்ல வேண்டும். சொன்னதோடு பாரம் தோளை விட்டு இறங்கிவிடும். கெட்ட சேதியை டாக்டர் சொல்லிவிட்டுப் போவார். பிறகு கட்டிலோரம் நின்று ஆறுதல் சொல்வது அவள். திட்டெல்லாம் அவருக்கு, கும்பிடெல்லாம் இவளுக்கு. உண்மையைச் சொன்னால் சௌகரியமான ஏற்பாடு!

தலை நரைக்கிற வயதில் அவள் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் சேர்ந்தாள். நோயாளியைத் தானே பரிசோதித்து, என்ன நோய் என்று தானே முடிவு கட்டி, மருந்தும் எழுதித் தருகிற நர்ஸ். "ஏம்மா, இந்த வீட்ல எப்பவும் ஒரு பரீட்சை நடந்துக்கிட்டே இருக்கணும்னு உனக்கு வேண்டுதலா?" என்று அப்போதுதான் கல்லூரி முடித்திருந்த மகள் கேலி செய்தாள். அதற்கெல்லாம் அசருகிற ஆளா? விழுந்து விழுந்து படித்தாள். முன்பெல்லாம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துத் துடிப்பை எண்ணினால் போதும். இப்போது இதயத்தில் எந்த வால்வு சரியாக மூடவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதையும் கற்றுக்கொண்டாள்.

கவிழ்ந்தது வாய்மொழித் தேர்வில். கெண்டைக்கால் வீங்கி ஒருவர் வருகிறார், என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். எதைத் தொட்டுப் பார்ப்பது, எதைச் சந்தேகிப்பது என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசியில், "டாக்டருக்குச் சொல்லுவேன்" என்று முடித்தாள். தேர்வு நடத்திய அம்மாளும் வார்டிலிருந்து மேலே வந்தவர்தான்.

"சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க. அவர் போன் எடுக்கல. இப்ப என்ன பண்ணுவீங்க?"

அந்த முறை தேறவில்லை; மறுமுறை தேறினாள். பட்டம் வாங்கிவிட்டால் ஆயிற்றா? நாக்கு மாற வேண்டாமா?

ஊர் ஓரத்தில் ஒரு சின்ன கிளினிக்கை அவள் பொறுப்பில் விட்டார்கள். டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வந்து போவார். ஒரு திங்கட்கிழமை காலையில் ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து உட்கார்ந்தார். பெரிய ஆஸ்பத்திரி நாட்களிலிருந்தே பழக்கம். அவர் முன்னால் ஓட்ட, இவள் பின்னால் நோயாளியைப் பிடித்துக்கொண்டு, எத்தனை உயிர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்! இவளுக்கு அவர் அண்ணன், அவருக்கு இவள் தங்கச்சி.

"தங்கச்சி, இது நமக்குள்ள இருக்கட்டும். டாக்டர்கிட்ட போனா நூறு கேள்வி கேப்பாங்க. நீ நம்ம ஆளு," என்று குரலைத் தாழ்த்தினார். "சிக்னல்ல நிக்கிறேன். கண்ணு திறந்துதான் இருக்கு. ஆனா கொஞ்ச நேரம் நான் அங்க இல்ல. பின்னாடி ஹாரன் அடிச்சாதான் சுயநினைவு வருது. வீட்லயும் ரெண்டு மூணு தடவை ஆச்சாம். வாய் மட்டும் எதையோ மென்னுக்கிட்டே இருக்குன்னு உங்க அண்ணி சொல்றா."

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. இது வலிப்பில் ஒரு வகையாக இருக்கலாம். மூளை டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை இந்த மனிதர் எந்த வண்டியையும் தொடக் கூடாது. இதைச் சொல்லத்தான் அவளை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். ஆனால் ஸ்டியரிங்கை எடுத்துவிட்டால் அவருக்கு என்ன மிச்சம்? சொல்ல மனசு வரவில்லை. பழைய நாக்கு முந்திக்கொண்டது.

"டாக்டருக்குச் சொல்லிடறேன் அண்ணே. வியாழக்கிழமை வாங்க, பார்த்துடுவார். அதுவரைக்கும் ஜாக்கிரதையா இருங்க."

ஜாக்கிரதையா இருங்களாம்! அது என்ன வைத்தியம்? அவர் முகம் மலர்ந்து எழுந்து போனார். பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதானே யாரும் எடுத்துக்கொள்வார்கள்? அவள் டாக்டருக்கு போனில் விவரம் சொன்னாள். "உங்க பேஷன்ட், நீங்கதான் பார்த்திருக்கீங்க, பார்த்துப் பண்ணுங்க" என்று அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த நோயாளி உள்ளே வந்தார்.

மதியம் ஒரு தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலா உள்வாங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது. மூக்கில் மருந்துப் புகை காட்டியும், ஆக்சிஜன் வைத்தும் மூச்சு சீராகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போயாக வேண்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

வந்து நின்ற வண்டியின் ஸ்டியரிங்கில் அவர்தான் இருந்தார்.

"ஏத்து தங்கச்சி, பறந்துடலாம்!"

தாயும் குழந்தையும் ஏறியாகிவிட்டது. வண்டியில் வந்த உதவியாளருக்கும் ஓட்டத் தெரியும், லைசென்ஸும் உண்டு. அவள் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க அண்ணே. தம்பி ஓட்டட்டும். நான் பின்னாடி ஏறிக்கறேன்."

"என்ன விளையாட்டு இது? இதோ பக்கத்துல இருக்கு ஆஸ்பத்திரி."

"நீங்க ஓட்டக் கூடாது."

"டாக்டர் சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

கிளினிக் வாசலில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளிருந்து தாய், "அய்யோ, யாராவது எடுங்களேன்!" என்று கத்தினாள். அவர் இறங்கி நின்றார்.

குழந்தை பிழைத்தது. அவள் சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் நோயாளிகள் உட்காரும் பெஞ்சிலேயே இருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். என்ன நோயாக இருக்கலாம், என்ன சோதனை, மருந்தில் அடங்கினாலும் ஆம்புலன்ஸ் ஓட்ட மறுபடி விடமாட்டார்கள் என்பதுவரை.

"காலையிலயே சொல்லியிருக்கணும் அண்ணே. சொல்லாதது என் தப்பு. அந்தக் குழந்தையோட நீங்க போய் எங்கயாவது மோதியிருந்தா, அது என்னாலதான்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நீ வெறும் நர்ஸாவே இருந்திருக்கலாம் தங்கச்சி."

அது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷத்தில் எந்த நோயாளியும் அவளைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. அவர் எழுந்து, காலையில் வாசலில் விட்டுவிட்டு ஆம்புலன்ஸில் டியூட்டிக்குப் போயிருந்த தன் பைக்கின் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். விட்டுவிடேன், வீடுவரைதானே என்றது மனசு. அவள் கையை நீட்டினாள்.

"அதையும் குடுத்துடுங்க அண்ணே."

"நான் வீட்டுக்குப் போக வேண்டாமா?"

"போகணும். ஓட்டிக்கிட்டுப் போகக் கூடாது."

சாவியை அவள் கையில் வைக்கவில்லை. பெஞ்சில் போட்டுவிட்டு விறுவிறுவென்று ரோட்டுக்கு நடந்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு, கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே போனாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்தில் இருவரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். ஒரு பஸ் வந்து போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அவர் ஒவ்வொன்றின் நெற்றியிலும் எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு ஏறாமல் நின்றார். கடைசியில், அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"எங்க வீட்டுப் பக்கம் எந்த பஸ் போகும்?"