அக்கா சிரித்த டேக்குகள்

பிரிட்ஜ் மெக்கானிக்குக்குச் சினிமாப் பைத்தியம் என்று சொன்னால் பைத்தியமே கோபித்துக்கொள்ளும். அதற்கும் மேலே. பகலெல்லாம் ஊரார் வீட்டு பிரிட்ஜுக்குப் பின்னால் தலையை நுழைத்துக் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டுவான். சாயங்காலம் கை கழுவினதும் டைரக்டர் ஆகிவிடுவான். தெருவே அவனை டைரக்டர் என்றுதான் கூப்பிட்டது. கிண்டல்தான். அவன் அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டதே கிடையாது.

படத்துக்குக் கேமரா அவனுடைய பழைய செல்போன். லைட் என்பது மனைவி தூக்கிப் பிடித்த மேஜை விளக்கு. ஹீரோ, வேன் ஓட்டும் நண்பன். சவாரி வந்தால் பாதி வசனத்தில் கம்பி நீட்டிவிடுவான். கதை, சித்தியிடம் சீரழியும் ஒரு குழந்தையைப் பற்றியது. குழந்தையாக நடிக்க அக்கா மகள் இருந்தாள். ஐந்து வயசு, குட்டி என்று கூப்பிடுவார்கள். சித்தியாக நடிக்கத்தான் யாரும் சிக்கவில்லை. மனைவி தலைகீழாக நின்றாலும் மாட்டேன் என்றுவிட்டாள். கடைசியில் அக்காவிடம் போய் நின்றான்.

அக்கா பிஸ்கட் கம்பெனியில் பெட்டி அடுக்குகிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து குட்டியோடு தம்பி வீட்டில்தான் இருந்தாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷி. தம்பி கேட்டானே என்று தலையை ஆட்டிவிட்டாள். ‘நீ செத்துத் தொலைஞ்சாதான் எனக்கு நிம்மதி’ என்று குழந்தையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘நீ செத்து’ வரைக்கும் வருவாள். குட்டியின் முகத்தைப் பார்ப்பாள். அவ்வளவுதான், பொத்துக்கொண்டு வந்துவிடும் சிரிப்பு. அம்மா சிரித்தால் குட்டி சும்மா இருப்பாளா? அவளும் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். விளக்குப் பிடித்த கை ஆடும். பன்னிரண்டு டேக், பதினாலு டேக் என்று போய், டைரக்டர் தலையில் அடித்துக்கொள்வான்.

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். பிரிட்ஜ் கதவில் சிவப்பு டேப்பை ஒட்டி, குட்டியைப் பார்க்காதே, இதைப் பார்த்துத் திட்டு என்றான். பலித்தது. டேப்பைப் பார்த்து அக்கா திட்டின திட்டில் வேன்காரனே ஓரடி பின்னால் நகர்ந்தான்.

செல்போனில் இடம் கிடையாது. அதனால் அன்றன்றைக்கு எடுத்ததை அன்றன்றைக்கே எல்லோரும் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நல்ல டேக் ஒன்று நிற்கும், மற்றதெல்லாம் அழியும். நின்ற டேக்கிலும் முன்னால் பின்னால் இருக்கும் பேச்சையும் சிரிப்பையும் வெட்டி எறிந்துவிடுவான். வேலையில் அத்தனை சுத்தம். ஒரு நாள் அக்கா அவன் கையைப் பிடித்தாள்.

"நான் சிரிக்கிறது ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கடா. குட்டி எப்படிச் சிரிக்குது பாரு."

"இடம் இல்லக்கா. படம் முடியட்டும், உன்னை நாள் முழுக்கச் சிரிக்க வெச்சே எடுக்கறேன்."

சொல்லிவிட்டு அழித்தான்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு சீன். சித்தி மனம் திருந்தி, மொட்டை மாடியில் கொட்டுகிற மழையில் குழந்தையைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும். வாளியில் தண்ணீர் ஊற்றி எடுத்துவிடலாம் என்றார்கள். அதெல்லாம் போலியாக இருக்கும், நிஜ மழைதான் வேண்டும் என்று டைரக்டர் ஒற்றைக்காலில் நின்றான். மழைக்காக மூன்று வாரம் காத்திருந்தார்கள். நான்காவது வாரம் அக்கா கம்பெனியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

அவள் வைத்திருந்தது பட்டன் போன். போட்டோ என்று தேடினால் கம்பெனி அடையாள அட்டையில் ஒன்று. குரல் என்று தேடினால் இந்தப் படம்தான். படத்திலோ அவள் திட்டுகிறாள், கையை ஓங்குகிறாள், சோற்றுத் தட்டைப் பிடுங்குகிறாள். அழித்த சிரிப்பை மீட்க முடியுமா என்று தம்பி செல்போனைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தான். ஒரு கடைக்காரர் மட்டும் பொறுமையாகச் சொன்னார். "அழிச்ச இடத்துலயே திரும்பத் திரும்ப எடுத்திருக்கீங்க. இனிமே எதுவும் வராதுங்க."

குட்டி சாப்பிட மறுத்தாள். அம்மா வேண்டும், அம்மாவைக் காட்டு என்று அலறினாள். அப்போதுதான் அவனுக்கு அந்தப் புத்தி வந்தது. சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தைப் போட்டுக் கையில் கொடுத்தான். குழந்தை கப்சிப் என்று அடங்கிப்போனது. திரையில் விரல் வைத்து அம்மாவின் கன்னத்தைத் தடவினாள். ஒரு வாய், இன்னொரு வாய் என்று சோறும் இறங்கியது. அன்றிலிருந்து வேளைக்கு வேளை அதுதான். சத்தம் வைக்கிற பொத்தானைக் குட்டியே ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டாள். இது வேண்டாங்க, நிறுத்திடலாம் என்று மனைவி எத்தனையோ தடவை சொன்னாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குரலாவது அவளுக்கு இருக்கட்டுமே என்றான். மடையன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், இருந்தாலும் மடையன்.

இரண்டு வருஷம் ஓடியது. குட்டிக்கு ஏழு முடிந்தது. படம் கேட்பதும் மெல்ல மெல்ல நின்றுபோனது. பிள்ளை தேறிவிட்டாள் என்று அவனுக்கு நிம்மதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி குட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சிக்கு இழுத்ததில் குட்டி முகம் சுளிக்க, வலிக்குதா கண்ணு என்று சீப்பை நிறுத்தினாள். அதற்குக் குட்டி சாதாரணமாகச் சொன்னாள்:

"அத்தை, நீங்க அம்மா மாதிரி இல்ல. நீங்க நல்லவங்க."

மனைவி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் அதை உதறிவிட்டு வந்து குட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். அம்மாவுக்கு என்ன என்று கேட்டான். கேட்கும்போதே அவனுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"அம்மாவுக்கு என்னைப் பிடிக்காதுல்ல மாமா. திட்டிட்டே இருப்பாங்க. என்னைப் பார்க்கவே மாட்டாங்க."

அழவில்லை, குறைப்படவும் இல்லை. ஸ்கூலில் இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்டால் சொல்வாளே, அப்படிச் சொன்னாள்.

அவனுக்கு வார்த்தை முட்டிக்கொண்டு வந்தது. அது படம், நடிப்பு, திட்டச் சொன்னதே நான்தான் என்றான். உன் முகத்தைப் பார்த்து உங்கம்மாவுக்குத் திட்டவே வராது, சிரிச்சிடுவா, நீயும் சிரிப்பே, நாங்க எல்லாருமே சிரிப்போம் என்றான். தினமும் சிரிப்பா என்று சத்தியம் செய்தான். குட்டி வாயைப் பிளந்து கேட்டாள். அவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வந்தது. பாதி பின்னின சடையோடு எழுந்து உள்ளே ஓடினாள். சார்ஜில் கிடந்த செல்போனைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவன் கையில் வைத்தாள்.

"அம்மா சிரிச்சதைக் காட்டுங்க மாமா."

அவன் தோளோடு ஒட்டி உட்கார்ந்து, அவள் திரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.