சமையல்காரர் வேனும் மூன்று ஆயில் சீலும்

மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கையைவிட முதுகுதான் சீக்கிரம் அழுக்காகும். வண்டிக்கு அடியில் படுத்துப் புரண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. செவிலிமேட்டு ஷெட் ஒன்றில் இரண்டு வருஷமாக இருக்கிறேன். வீட்டுக்காரர் தறிக்குப் போகிறார், நான் ஸ்பேனர் பிடிக்கிறேன். படிப்பு ஆறாவதோடு சரி. நாலு பேர் முன்னால் பேசு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வண்டிக்கு அடியில் யாரும் பேசச் சொல்வதில்லை, அதனால் எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது.

எண்ணெய்க் குளியல்

தென்னேரியில் இருந்து ஒரு கல்யாணச் சமையல்காரர் தன் பழைய வேனைக் கொண்டுவந்து விட்டார். அண்டா, கரண்டி, ஆட்கள் எல்லாம் அதில்தான் போகும். கியர் பாக்ஸின் பின்பக்கம் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது. அங்கே சுழலும் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் ஆயில் சீல். அது போனால் எண்ணெய் நிற்காது. எங்கள் மேஸ்திரி கன்னியப்பன் அண்ணன், "நீயே தனியா மாத்துமா" என்று சொல்லிவிட்டார்.

வேனின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, எண்ணெய் முன்பக்கம் ஒதுங்கிய பிறகுதான் ஷாஃப்ட்டை உருவ வேண்டும். ஆசையில் மறந்துபோய் அப்படியே உருவினேன். கியர் எண்ணெய் மொத்தமும் என் தலையில் இறங்கியது. அந்த நாற்றம் உங்களுக்குத் தெரியும். மூன்று நாள் சீயக்காய்க்கு அடங்கவில்லை. பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்த வேலு அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னிக்கு சனிக்கிழமைமா. ஆம்பளைங்க எண்ணெ தேய்ச்சுக் குளிக்கிற நாளு. உனக்கு வெள்ளிக்கிழமை."

மூன்று டப்பா

நான் போட்ட சீல் ஒரே வாரத்தில் ஒழுகியது. அடுத்ததை மேஸ்திரியே போட்டார். அதுவும் ஒழுகியது. சரக்கு சரியில்லையோ என்று மூன்றாவதை வாங்க நானே கடைக்குப் போனேன். எனக்குப் பின்னால் வந்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, "வீட்டுக்காரர் எழுதிக் குடுத்த சீட்டைக் குடுமா" என்றார் கடைக்காரர். சீட்டு ஏது? பழைய சீலை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அவர் கொடுத்ததன் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தேன். அலமாரியிலேயே கிடந்து ரப்பர் விறைத்திருந்தது. திருப்பி நகர்த்தினேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது மெத்தென்று வளைந்தது. தலையாட்டினேன். "ஒரு வார்த்தை பேசாம மூணு டப்பாவப் பிரிக்க வெச்சிட்டியே! நீ புடவைக் கடைக்குப் போனா எத்தினி பிரிக்க வெப்ப?"

கோலத்தில் பொட்டு

பார்த்துப் பார்த்துப் போட்ட அந்தச் சீலும் ஒழுகியது. கல்யாண மண்டப வாசலில், மாக்கோலத்தின் மேல் வேன் நின்றிருக்கிறது. நடுவில் கறுப்பாகச் சொட்டு. பெண் வீட்டார் அபசகுனம் என்று சண்டைக்கு வந்துவிட்டார்களாம். சமையல்காரர் ஷெட்டில் வந்து கத்தினார். அடுத்த முகூர்த்தத்துக்குள் ஒழுக்கு நிற்காவிட்டால் வேறு ஷெட்டுக்குப் போய்விடுவாராம்.

நான் ஷாஃப்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்திருந்தேன், தேய்மானம் இல்லை. சீலும் நேராகத்தான் உட்கார்ந்திருந்தது. என்மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு தபா சொட்டுச்சுன்னா, இனிமே நீ பார்ட்ஸ் கழுவுறதோட நின்னுக்கமா."

குக்கர்

மறுநாள் காலை, பாப்பாவுக்கு ஸ்கூலுக்கு நேரமாகிறது, குக்கர் விசிலே அடிக்கவில்லை. மூடி ஓரமாகக் கஞ்சி பீய்ச்சியது. கேஸ்கெட் போன வாரம்தான் மாற்றியது. அடுப்பை அணைத்து, ஆறவிட்டுப் பார்த்தால் விசில் ஓட்டையில் பருப்புத் தோல். கரண்டியோடு அப்படியே நின்றேன். கியர் பாக்ஸுக்கும் மேலே சின்னதாக ஒரு மூக்கு உண்டு. பிரீதர் என்போம். சூடேறினால் காற்று அதன் வழியாகத்தான் போகும்.

ஷெட்டுக்கு ஓடி, வேன் சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் கியர் பாக்ஸின் மேல் கையை விட்டுப் பார்த்தேன். மூக்கின் மேல் சந்தனமும் குங்குமமும் சிமெண்டு மாதிரி அப்பியிருந்தது. ஆயுத பூஜைக்குச் சமையல்காரர் ஒன்றுவிடாமல் பொட்டு வைத்திருக்கிறார்! பக்திமான், வயதில் பெரியவர். மேஸ்திரியிடம் அதைக் காட்டினேன். சமையல்காரர் வந்ததும், நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் மேஸ்திரியைப் பார்த்தேன். அவரோ, "கண்டுபுடிச்சது நீ, நீயே சொல்லு" என்று நகர்ந்துவிட்டார்.

"ஐயா, குக்கர்ல விசில் ஓட்டை அடைச்சிக்கினா ஆவி எந்தப் பக்கம் வரும்?"

"கேஸ்கெட்டைத் தள்ளிக்கினு வரும். அதுக்கின்னா?"

"உங்க வண்டியும் அப்படித்தான். நீங்க வெச்ச சந்தனம் அதோட மூக்கை அடைச்சிக்கினு இருக்குது."

சமையல்காரர் முகம் சுருங்கிவிட்டது. "சாமிக்கு வெச்சதுமா அது" என்றார். பிறகு அவரே யோசித்து, "ஆமா, பூஜைக்கு அப்புறம்தான் ஒழுகுது" என்றார். கம்பியால் குத்தி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். சீலை மாற்றவில்லை. வாலாஜாபாத் வரைக்கும் ஓட்டிப்போய் வந்து, அடியில் அட்டை விரித்தோம். சாயங்காலம் சமையல்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் படுத்தே பார்த்தார். அட்டையில் ஒரு சொட்டு இல்லை. எழுந்து தூசி தட்டிக்கொண்டு சொன்னார்: "அடுத்த பூஜைக்கு நீயே வந்து பொட்டு வெச்சிடுமா. எங்க வெக்கக் கூடாதுன்னு உனக்குத்தான் தெரியுது."

மூன்று சீல் மாற்றியும் நிற்காத ஒழுக்கு, நான் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்ததும் நின்றுபோனது.